டெப்புக்கு எந்த சிம் போடலாம்?

சிம் விற்பது பெரிய வேலை இல்லை. விற்ற சிம்மில் மறுநாளும் கவரேஜ் இருக்க வேண்டுமே, அதுதான் தொழில்.

நோட்டன் பிரிட்ஜ் கடைவீதியில் போன் கடை வைத்திருக்கிறேன். சிம், போனுக்குக் காசு ஏற்றும் ரீலோட், உடைந்த கண்ணாடி மாற்றுவது, கவர் போடுவது எல்லாம் உண்டு. தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு நான் 'ரீலோட் அண்ணன்'. என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் ஆள் கிடையாது. கூப்பிட உரிமை உள்ள ஒருத்தியும் 'என்னாங்க' என்பாளே தவிர பெயர் சொல்ல மாட்டாள். அவளும் குவைத்தில் இருக்கிறாள்.

டேப்லெட்டுக்கு எங்கள் பக்கம் 'டெப்' என்று பெயர். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் அதைத்தான் வாங்கி அனுப்புகிறார்கள், முகம் பெரிதாகத் தெரியுமாம். வந்த டெப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு நேரே என் கடைக்கு வந்து, "இதுக்கு எந்த சிம் போடலாம்?" என்று கேட்பார்கள். கொழும்பில் இருக்கிறவன் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவான். இங்கே முடியாது. ஒரு வளைவு திரும்பினால் ஒரு கம்பெனி செத்துப்போகும், இன்னொன்று உயிர் பெறும். அதனால் கம்பெனிப் பெயரையே யாரும் சொல்வதில்லை. எந்தப் பக்கத்து மலையிலிருந்து கவரேஜ் வருகிறதோ அதுதான் பெயர். நோட்டன்காரன், பொல்பிட்டியகாரன், மேல்மலைக்காரன் என்று மூன்று பேர் எங்களை ஆள்கிறார்கள்.

ஆகவே நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு நேரில் போய்ப் பார்க்காமல் டெப்புக்கு சிம் கொடுக்க மாட்டேன். மூன்று கம்பெனி சிம்மையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேடு ஏறுவேன். 'எவ்வளவு பொறுப்பான மனுசன்' என்று ஊர் மெச்சும். உங்களிடம் மறைப்பானேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடையை மூடினால் நான் போக வேண்டிய வீட்டில் யாரும் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. யாராவது ஒரு வீட்டில் "வாங்கண்ணே, ஒக்காருங்க" என்று சொல்வதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் ஏறுகிறேன்.

என் மனைவி வசந்தியின் ஒப்பந்தம் முடியப் போகிறது. அவள் வேலை செய்கிற வீட்டு மேடம் இன்னொரு தவணை இருக்கச் சொல்லி நச்சரிக்கிறாள். வருவாளா, இருந்துவிடுவாளா? கடையில் நான் யாரோடு எதைப் பேசிக்கொண்டிருந்தாலும் உள்ளுக்குள் ஓடுவது அந்தக் கேள்விதான். போனைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டி ஆட்டிக் கை வலித்த என் இனத்தவர்களே, இனி வருவதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

வாசலோடு திரும்பிப் போகிறவன்

மாரியாயி அக்கா கொழுந்து பறிக்கிறவர். மகள் ஜோர்தானில் தையல் பெக்டரியில் இருக்கிறாள். அவள் அனுப்பிய டெப்புக்கு சிம் பார்க்க நான் லயத்துக்குப் போனேன். வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒற்றை அறைக் காம்பராக்கள், முன்னால் ஸ்தோப்பு என்கிற சின்னத் தாழ்வாரம். அன்று நல்ல வெயில். ஸ்தோப்பில் நின்று மூன்று சிம்மையும் மாற்றி மாற்றிப் போட்டேன். பொல்பிட்டியகாரன் கவரேஜ் கோடு எல்லாவற்றையும் நிறைத்துக் காட்டினான். அதையே போட்டுக் கொடுத்து, தேத்தண்ணியும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, வந்த வேலை முடிந்த பெருமையோடு இறங்கினேன்.

மறுநாள் மலையிலிருந்து இறங்கிய அக்கா, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் கடைக்கு வந்துவிட்டார். காம்பராவுக்குள் ஒரு கோடு கூட இல்லையாம். போய்ப் பார்த்தேன், அக்கா சொன்னது சரிதான். வாசற்படியைத் தாண்டினால் தகரக் கூரை அவ்வளவையும் தின்றுவிடுகிறது. நான் வெயிலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டேன். மழையிலும் பனியிலும் யார் ஸ்தோப்பில் உட்கார்ந்து மகளோடு பேசுவார்கள் என்று யோசிக்கவில்லை.

கடைசியில் வாசல் நிலையில் ஒரு ஆணி அடித்து, டெப்பை பொலித்தீன் பையில் போட்டு மாட்டினோம். அக்கா கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே இருந்தபடி பேசுவார். மகளுக்குப் பாதி முகம் தெரியும், மீதிப் பாதி அடுப்புப் புகை. "போதும், இதுவே போதும்" என்று அந்தப் பிள்ளை அங்கிருந்து சொன்னது எனக்கும் கேட்டது. அக்காவுக்கு மட்டும் திருப்தி இல்லை.

"ஒன் கவரேஜும் என் மருமவனும் ஒண்ணுதாந் தம்பி. வாசல் வரைக்கும் ஜோரா வருவாரு, உள்ள வாங்கனு கூப்புட்டா ஆளக் காணோம்!"

வெள்ளிக்கிழமை நோய்

லயத்தில் ஒரு வீட்டில் எதைச் செய்தாலும் மற்ற வீட்டிலும் அதைச் செய்தாக வேண்டும். ஒரு வீட்டுக் கதவுக்கு நீலச் சாயம் பூசினால் ஒரே மாதத்தில் லயமே நீலமாகிவிடும். மாரியாயி அக்கா வீட்டுக்குப் பொல்பிட்டியகாரன் வந்த பிறகு, அந்த லயம் முழுக்கப் பொல்பிட்டியகாரன்தான் வேண்டுமென்று நின்றார்கள். பக்கத்து லயமும் அதையே கேட்டது. எனக்கென்ன கசக்கிறதா? எல்லாருக்கும் போட்டுக் கொடுத்தேன். என் டெப்பிலும் அதுதான்.

அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமை நோய் தொடங்கியது. அரபு நாடுகளில் அன்றுதான் விடுமுறை. வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு அன்றுதான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். அதனால் சொல்லி வைத்தது போல் எல்லா டெப்பும் ஒரே பொழுதில் அலறும். இரண்டு லயத்து ஆட்களும் ஸ்தோப்பில் வரிசையாக நின்று, "கேக்குதா? கேக்குதா?" என்று கத்துவார்கள். புதிதாகப் பார்க்கிறவனுக்கு ஊருக்குள் ஏதோ பெரிய சண்டை என்றுதான் தோன்றும். ஒரு டவர் எத்தனை பேரைத்தான் சுமக்கும்? படம் நின்றுவிடும். வாயைத் திறந்தபடி, கண்ணை மூடியபடி, அழுவதா சிரிப்பதா என்று தெரியாதபடி முகங்கள் அப்படியே உறைந்து நிற்கும்.

பாதிப் பேர் நோட்டன்காரனுக்கு மாறினால் எல்லாருக்கும் நல்லது என்று கெஞ்சிப் பார்த்தேன். "அவங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணா?" என்று ஒருவரும் அசையவில்லை. கடைசி காம்பரா முருகேசுவின் மனைவி துபாயில் வீட்டு வேலை செய்கிறாள். பிள்ளைகளை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். அவன் மட்டும் நெடுநேரம் தாடையைச் சொறிந்துகொண்டு நின்று ஒரு வழி சொன்னான்.

"அண்ணே, ஒவ்வொரு வெள்ளிக்கும் ரெண்டு பேரு பொண்டாட்டியோட சண்ட புடிச்சுக்கிட்டு பேசாம இருக்கணும். முற வச்சு செஞ்சா மத்தவனுக்கு லைன் கெடைக்கும்ல?"

கோடு நிறைந்த பங்களா

கண்டாக்கு ஐயா மலையில் வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர். அவருடைய வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. மூன்று கம்பெனியும் அங்கே போட்டி போட்டுக்கொண்டு வரும். எந்த அறையில் நின்றாலும் முழுக் கோடு. அப்படி ஒரு வீடு எனக்கு இருந்தால் கடையை மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். ஆனால் என்னிடம் அதிகமாகக் குறை சொல்லி வருகிறவர் அவர்தான். "இந்த சிம் சரியில்ல, மாத்திக் குடு" என்பார். நோட்டன்காரனை எடுத்துவிட்டுப் பொல்பிட்டியகாரனைப் போட்டேன். அவனை எடுத்துவிட்டு மேல்மலைக்காரனைப் போட்டேன். டேட்டா வருகிற சிம்மைத்தான் மாற்றுகிறோம், வீடியோவில் அவரைக் கூப்பிடுகிற நம்பர் பழையதுதான். அது மாறவே இல்லை.

ஐயாவின் சம்சாரம் தவறிவிட்டார். மூத்த மகன் கனடாவில், இளையவன் கொழும்பில். கடைசியாகப் போனபோது, சோதித்துப் பார்க்கலாம் என்று வெளி வாசலில் நின்று என் போனிலிருந்து அவருடைய டெப்புக்கு அடித்தேன். உடனே மணி அடித்தது. உள்ளே நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம், மூக்குக்கண்ணாடி தேடும் சத்தம். திரையில் என் பெயரைப் பார்த்திருப்பார். அதோடு எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது.

எனக்கு அப்படிச் செய்ததே பாவமாகப் போய்விட்டது. உள்ளே போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். சிம்மில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தும் அதைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டேன். அவரே பேச்சைத் தொடங்கினார்.

"கோடெல்லாம் நெறஞ்சுதான் நிக்குது தம்பி. ஆனா கம்பெனிக்காரன் எங்கேயோ ஒரு தப்பு வச்சிருக்கான். இல்லாட்டி பயலுக கூப்புடாம இருப்பானுகளா?"

மேப்பில் பளிச்சென்று ஒரு வீடு

ஹட்டனிலிருந்து மேல்மலைக்காரனின் விற்பனை ஆள் ஒருவர் வருவார். பெயர் பிரதீப். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பெரிய குடையை விரித்து, மேசை போட்டு, சிம் விற்பார். எனக்குப் போட்டிதான் என்றாலும் பேச்சுத் துணைக்கு ஆயிற்று. ஒருநாள் டெப்பில் தங்கள் கம்பெனியின் மேப்பைக் காட்டினார். மலை, ஆறு, அணைக்கட்டு என்று பார்க்காமல் எல்லா இடத்துக்கும் ஒரே வர்ணம் தீட்டி வைத்திருந்தார்கள். அந்த வர்ணத்துக்குள் என் வீடும் இருந்தது.

என் வீடு ஒரு பள்ளத்தில். பின்னால் பாறை, முன்னால் மலை. வசந்தி முதல் தடவை வெளிநாடு போய்விட்டு வந்தபோது, லயத்தை விட்டு வெளியேறி ஆசை ஆசையாகக் கட்டிக்கொண்டது. அதில் அவள் இருந்தது கொஞ்ச காலம்தான். திரும்பவும் போய்விட்டாள். பார்ப்பதற்கு அழகான இடம். ஆனால் எந்தக் கம்பெனியும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. "வாங்க, வந்து உங்க மேப்பை மெய்ப்பிச்சுக் காட்டுங்க" என்றேன். பிரதீப்பும் ரோசத்தோடு குடையை மடக்கிவிட்டு வந்தார். படிக்கட்டில் இறங்க இறங்கக் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வீட்டுக்குள் சுத்தமாக ஒன்றுமில்லை. மனுசன் விடவில்லை. ஜன்னலில் வைத்தார், அடுப்படி அலுமாரி மேல் வைத்தார், தண்ணீர்த் தாங்கியில் ஏறி நின்றும் பார்த்தார்.

நான் தேத்தண்ணி ஊற்றினேன். இரண்டாவது கோப்பை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. எடுத்துத் தூசி போகக் கழுவினேன். எங்கள் வீட்டுக்கு ஒரு மனுசன் வந்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. ஊரில் உள்ள எல்லா வீட்டிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன், என் வீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை. பிரதீப் சுவரைப் பார்த்தார், மடித்து வைத்த ஒற்றைப் பாயைப் பார்த்தார், வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தார். விற்பனைக்காரரின் குரல் தணிந்துவிட்டது.

"அண்ணே, எங்க மேப்புல ஒங்க வீடு பளிச்சுனு இருக்கு. நேர்ல வந்து பாத்தாத்தான் இருட்டா இருக்கு."

கல்யாண வீட்டுச் சத்தம்

வீட்டிலிருந்து பேச வழியில்லாததால், வெள்ளிக்கிழமைகளில் டெப்பைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போய்விடுவேன். முருகேசுவின் ஸ்தோப்பில்தான் கோடு நன்றாக விழும். நான் உட்கார்ந்ததும் அவன் பிள்ளைகள் என் முதுகிலும் மடியிலும் ஏறிக்கொள்வார்கள். அவர்களுடைய அம்மாவின் அழைப்பு வருகிற வரைக்கும் வசந்திதான் அம்மா. "பெரியம்மா, பெரியம்மா" என்று திரையை விரலால் குத்துவார்கள். மாரியாயி அக்கா ரொட்டியோடு வருவார். முருகேசு பின்னால் நின்று பல்லைக் காட்டுவான். வசந்தி "சாப்பிட்டீங்களா?" என்று என்னைக் கேட்டால் அத்தனை பேரும் சேர்ந்து பதில் சொல்வார்கள்.

நானும் அங்கே பெரிய சிரிப்புக்காரன். வாடிக்கையாளர் கதைகளை எல்லாம் நடித்துக் காட்டுவேன். இரவில் ஒரு கோப்பை அரிசி போட்டால் அது மறுநாளும் மிஞ்சுகிறது, ரேடியோவை அணைத்தால் காது அடைக்கிறது என்பதையெல்லாம் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்தான். அங்கே இன்னொருத்தியின் குசினியில், இன்னொருத்தியின் சட்டிபானைக்கு நடுவில் நிற்கிறவளிடம் அதைச் சொல்லி அழ வைப்பானேன் என்று விட்டுவிடுவேன். தனிமை என்றால் அவளுடையதை விடவா என்னுடையது பெரிது?

ஒரு வெள்ளிக்கிழமை வசந்தி கொஞ்சம் வாட்டமாக இருந்தாள். "அவரு ஒழுங்கா இருக்காராக்கா?" என்று மாரியாயி அக்காவைக் கேட்டாள். அக்கா என் கையிலிருந்து டெப்பைப் பிடுங்கிக்கொண்டு, டெப் இல்லாமலே குவைத்துக்குக் கேட்கும் குரலில் பதில் சொன்னார்.

"நீ ஒண்ணும் கவலப்படாத வசந்தி! ஒன் புருசன் வந்து ஒக்காந்தா எங்க லயத்துல கல்யாண வூட்டுச் சத்தந்தான்!"

இன்னொரு தவணை

மேடம் கெடு வைத்துவிட்டாள். இருக்கிறாயா, போகிறாயா என்று அடுத்து வந்த வெள்ளிக்கிழமை வசந்தி சொல்லியாக வேண்டும். "பேசிட்டு முடிவு சொல்றேன்னு சொல்லிருக்கேன்" என்று முதல் நாளே செய்தி போட்டிருந்தாள். நானும் இந்தத் தடவை சிரித்து மழுப்புவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். 'வந்துரு' என்று ஒரே வார்த்தை. பனிமூட்டத்தில் மேடு ஏறும்போது அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எதிரே வந்த பால்காரர் ஒதுங்கி வழி விட்டார்.

பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேச வேண்டும் என்றுதான் போனேன். அன்றைக்கு அவர்களுடைய அம்மா இன்னும் லைனில் வரவில்லை. வழக்கம் போல் என் தோளில் ஏறிக்கொண்டார்கள். இறக்கிவிட மனசு வரவில்லை. மணி அடித்தது. வசந்தியின் முகம் வந்தது. சிரிக்கத் தொடங்கினாள், அந்தப் பாதிச் சிரிப்போடு அப்படியே நின்றுவிட்டாள். ஸ்தோப்பு நெடுக, "கேக்குதா? கேக்குதா?" நான் பார்த்துப் பார்த்துப் போட்டுக் கொடுத்த சிம்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அந்த ஒற்றை டவரில் தொங்கிக்கொண்டிருந்தன. நின்றுபோன அந்த முகத்தைப் பார்த்து, "வசந்தி, வந்துரு. என்னால அந்த வீட்டுல தனியா இருக்க முடியல" என்று சொன்னேன். உறைந்த முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லைன் அறுந்தது.

சிம்மை மாற்றிப் போட்டேன். நோட்டன்காரன் கிடைப்பானா என்று பாதை வளைவு வரைக்கும் ஓடினேன். கோடு விழுந்ததும் நான் கூப்பிடுவதற்கு முந்தியே அவளுடைய வொய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. மழைத் தூறலில் டெப்பைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டேன். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

"என்னாங்க, படம் நின்னுபோச்சு, நீங்க சொன்னது ஒண்ணுமே கேக்கல. ஆனா நின்ன படத்த நல்லாப் பாத்தேன். புள்ளைங்க தோள்ல ஏறிக்கிட்டு, எல்லாரும் சிரிச்சுக்கிட்டு... எப்பக் கூப்புட்டாலும் ஒங்களச் சுத்தி ஆளுங்கதான். எனக்கு அது போதுங்க. நா இல்லாத கொற ஒங்களுக்குத் தெரியவே இல்ல. அதான் மேடத்துக்கிட்ட சரினு சொல்லிட்டேன், இன்னொரு தவண இருந்துட்டு வர்றேன்."

இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ டெப்புக்கு நேரில் போய்ப் பார்த்துப் பொருத்தமான சிம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தினமும் என் கடையைத் திறந்து மூடுகிற அந்த ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும்தான் இன்னும் சரியான கம்பெனி அமையவில்லை.